தொடுப்புப் பட்டியல்
லிங்க்டு லிஸ்ட் என்னும் நிரலாக்கச் சொல்லை ‘இணைப்புப் பட்டியல்’ என எழுதுவது பொருளை மழுக்குகிறது. இணை என்பது இரண்டு ஒன்றுபடுவதைச் சுட்ட, இங்கோ ஒவ்வொரு கணுவும், அதாவது தரவு தங்கும் அலகும், அடுத்ததன் நினைவக முகவரியை ஏந்தி நிற்கிறது. 1950களின் நடுவில் நியூவெல், ஷா, சைமன் ஆகிய கணினி ஆய்வாளர்கள் கையாண்ட இவ்வடிவின் பெயரிலுள்ள லிங்க், முதலில் சங்கிலி வளையத்தையே குறித்தது. தமிழ்த் ‘தொடர்’ என்பதும் அத்தகையதே: புறநானூற்றின் 74ஆம் பாட்டில் அது நாயைக் கட்டிய சங்கிலி, அது தொலைக்காட்சிக் கதையைக் குறிக்கலானது அண்மையில்தான். பட்டியலைத் தலைகீழாக்கும் கணக்கில், அடுத்த கணுவின் முகவரியைத் தனியே குறித்துக்கொள்ளாமல் அம்முகவரியை ஏந்தும் சுட்டியைத் திருப்பினால் எஞ்சிய பகுதி முழுதும் அறுந்துபோவதால், சரம் தொடுத்தலையும் மாலையைக் குறிக்கும் ‘தொடலை’யையும் உறவாகக் கொண்ட ‘தொடுப்பு’ இங்கே நன்கு பொருந்தும். ‘தொடர்பட்டியல்’ என்றாலோ, இன்னும் முடியாத பட்டியல் என மயங்க நேரும்.