ஹோலாவின் தண்ணீர் வண்டி

1959 மார்ச் 3 அன்று, கென்யாவின் கிழக்கே ஹோலா என்ற தடுப்பு முகாமில் பதினோரு கைதிகள் இறந்தனர். தண்ணீர் வண்டியிலிருந்து நீர் அருந்திய பின்னர் அவர்கள் இறந்ததாகக் காலனி அரசு அறிவித்தது. பிணப் பரிசோதனை வேறு விதமாகச் சொன்னது. வேலை செய்ய மறுத்தவர்களை அடித்துப் பணியவைக்கும்படி காவலர்களுக்கு உத்தரவு இருந்தது. அந்த அடியில் இறந்தவர்கள் அவர்கள்.

ஆங்கில ஆட்சி காடுமிராண்டித்தனத்தை மட்டும் கையாளவில்லை, அதற்கேற்ற காகிதங்களையும் தயாரித்தது என்பதற்கு ஹோலாவைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

கிளர்ச்சியின் வேர் நிலத்தில் இருந்தது. செழிப்பான மேட்டுநிலங்கள் வெள்ளைக் குடியேறிகளுக்கென ஒதுக்கப்பட, கிக்குயு மக்கள் சொந்த மண்ணிலேயே கூலிகளாயினர். இரகசியமாக உறுதிமொழி ஏற்றுக் காடேறியவர்களையே ‘மாவ் மாவ்’ என்றது உலகம். 1952 அக்டோபரில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் தூக்கிலிடப்பட்டவர்கள் மட்டும் 1,090 பேர். கொல்லப்பட்ட குடியேறிகளோ முப்பத்திரண்டு பேர். ஆனால் மாவ் மாவ் இயக்கத்தைப் புனிதப்படுத்தவும் நான் விரும்பவில்லை. 1953 மார்ச்சில் லாரி என்ற ஊரில் அவர்கள் எரித்தும் வெட்டியும் கொன்றவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. அவர்களும் கிக்குயு மக்களே.

ஹோலா பற்றிய நாடாளுமன்ற விவாதத்தில், ஆப்பிரிக்காவுக்கு ஒரு நீதி இங்கிலாந்துக்கு ஒரு நீதி என்று இருக்க முடியாது என ஆளுங்கட்சியிலிருந்தே வாதிட்டவர் ஈனக் பவல். பின்னாளில், 1968இல், குடியேறிகளுக்கு எதிரான பேச்சால் பெயர் கெட்டவரும் அவரேதான். வரலாறு இப்படியும் விளையாடும்! எனினும் கொலைக்காக எவர்மீதும் வழக்குத் தொடுக்கப்படவில்லை.

1963 டிசம்பரில் கென்யா விடுதலை அடைவதற்கு முன்பே ஆவணங்கள் பல எரிக்கப்பட்டன. எஞ்சியவற்றில் ஏராளமானவை இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் அவை கிடப்பதை அரசு ஒப்புக்கொண்டது 2011இல்தான். அதுவும், சித்திரவதைக்கு ஆளான முதியவர்கள் சிலர் இலண்டன் நீதிமன்றம் ஏறிய பின்னரே. 2013இல் 5,228 பேருக்காக, வழக்குச் செலவும் சேர்த்து, 1 கோடியே 99 இலட்சம் பவுண்டு தர இணங்கியது; வருத்தம் தெரிவித்தது, சட்டப் பொறுப்பை ஏற்கவில்லை.

மறைத்தவர்கள் ஆங்கிலேயர் மட்டுமல்லர். பழையதை மறப்போம் என்பதே விடுதலை பெற்ற நாட்டின் தலைவர் ஜோமோ கென்யாட்டாவின் நிலைப்பாடு. காலனி அரசு மாவ் மாவ் மீது விதித்த தடை, சுதந்திர கென்யாவில் 2003 வரை நீடித்தது. காட்டுப்படைத் தலைவர் டேடன் கிமாத்தி 1957 பிப்ரவரி 18 அன்று தூக்கிலிடப்பட்டு, காமிட்டிச் சிறை வளாகத்தில் அடையாளமின்றிப் புதைக்கப்பட்டார். நைரோபியில் அவருக்குச் சிலை எழுந்தபோது ஆண்டு 2007.