நாடா, மாநிலமா?

திருநகர் மூணாவது ஸ்டாப் பக்கம் ஒரு மொட்டை மாடியில் சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் பாடம் எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் குரூப் தேர்வு எழுதப் போகிறவர்கள். மீதி, தமிழ் வழியில் பி.ஏ. வரலாறு படிக்கிற பிள்ளைகள். அவர்களுக்கு 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு' என்று ஒரு தாள் உண்டு. நோட்ஸ் மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம் என்பதால் யாரும் அதில் பெரிதாகச் சந்தேகம் கேட்பதில்லை. போன வருஷம் ஒரு பிள்ளை கேட்டாள்:

"சார், தலைப்புல ஐக்கிய நாடுகள்னு இருக்கு. உள்ள போனா வர்ஜீனியா மாநிலம்ங்கிறாங்க. பேப்பர்ல டெக்சாஸ் மாகாணம்னு போடுறாங்க. நாடா, மாநிலமா, மாகாணமா? பரீட்சைல எதை எழுதுறது?"

எதை எழுதினாலும் மார்க் உண்டு. ஆனால் அவள் கேட்டது மார்க் விஷயம் மட்டும் இல்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை தேடித்தான் 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நம் பக்கத்திலும் அதே கேள்வி ஓர் உயிரையாவது வாங்கியிருக்கிறது. அந்த உயிர் போனது இதே மதுரையில்.

முதலில் அமெரிக்கா. ஆங்கிலத்தில் 'ஸ்டேட்' என்ற சொல்லுக்கு இரண்டு முகம். தன்னைத் தானே ஆளும் முழு நாடும் ஸ்டேட்தான், ஒரு பெரிய நாட்டின் உட்பிரிவும் ஸ்டேட்தான். 1776 சுதந்திரப் பிரகடனத்தைப் பார்த்தால் பதின்மூன்று குடியேற்றங்களும் தங்களை 'ஸ்டேட்' என்று அறிவித்துக்கொள்கின்றன. அதே ஆவணம், அதே பத்தியில், பிரிட்டனையும் 'ஸ்டேட்' என்றே சொல்கிறது. அதாவது, பிரிட்டன் எப்படி ஒரு நாடோ அப்படித்தான் வர்ஜீனியாவும் என்று அன்று நினைத்தார்கள். 1776க்கு 'நாடுகள்' என்ற மொழிபெயர்ப்பு மிகச் சரி.

சரி, தனித்தனி நாடுகள் என்றால் பொதுச் செலவுக்குக் காசு? 1781இல் அமலுக்கு வந்த கூட்டமைப்பு விதிகளின்படி அவர்களுடைய காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. ஸ்டேட்டுகளிடம் கேட்கலாம். கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கப் போன கமிட்டியாவது பரவாயில்லை, இந்தக் காங்கிரஸ் கட்டாயப்படுத்தவும் முடியாது. இறக்குமதிக்கு 5 சதவீதம் தீர்வை போட அனுமதி கேட்டபோது ரோட் ஐலண்ட் என்ற ஒரே ஒரு குட்டி ஸ்டேட் மறுத்தது. எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி. திட்டம் அங்கேயே படுத்துவிட்டது. போர்க்கடன் தலைக்கு மேல் நின்றது. 1786இல் மாசசூசெட்ஸில் வரியும் கடனும் தாங்காத விவசாயிகள் துப்பாக்கியோடு கிளம்பினார்கள். மறு வருஷம் பிலடெல்பியாவில் கூடி எழுதிய அரசமைப்புச் சட்டம், காங்கிரஸுக்கு நேரடியாக வரி போடும் அதிகாரத்தைக் கொடுத்தது. கூட்டமைப்பு, கூட்டாட்சி என்ற இரண்டு சொற்களையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும் மாணவர்களுக்கு நான் சொல்லும் அடையாளம் இதுதான்: நடுவில் இருக்கும் அரசு பிச்சை கேட்டால் கூட்டமைப்பு, வசூல் செய்தால் கூட்டாட்சி.

கல்லாப்பெட்டிப் பிரச்சினை தீர்ந்தது. வாசற்கதவு பாக்கி இருந்தது. சேர்ந்தவர்கள் வெளியே போகலாமா? 1860 டிசம்பரில் அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள சவுத் கரோலினா வெளியேறியது. அடுத்தடுத்துப் பத்து ஸ்டேட்டுகள் அதன் பின்னால் போயின. போர் முடிந்து, 1869இல் டெக்சாஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: ஒன்றியமும் அழியாது, அதிலுள்ள ஸ்டேட்டுகளும் அழியாது, தன்னிச்சையாக யாரும் வெளியேற முடியாது. அந்தத் தீர்ப்போடு டெக்சாஸை 'மாநிலம்' என்று எழுதுவதில் சந்தேகம் நீங்கிவிட்டது. 1776இல் நாடு, 1869இல் மாநிலம். நடுவில் 93 வருஷம்.

இனி நம் சொற்கள். 'நாடு' என்றதும் பாஸ்போர்ட் ஞாபகம் வருகிறது நமக்கு. சோழர் கல்வெட்டில் நாடு என்பது சில பல ஊர்கள் சேர்ந்த வட்டாரம். அதற்கு மேலே வளநாடு, அதற்கும் மேலே மண்டலம். நாட்டுக்கு ஒரு சபை, அதில் உட்காருபவர்கள் நாட்டார். மதுரையைச் சுற்றி இந்தப் பொருள் இன்னும் சாகவில்லை. மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் போனால் எட்டு நாடு, இருபத்து நாலு உபகிராமம் என்பார்கள். கிழக்கே மேலூர்ப் பக்கம் வெள்ளலூர் நாடு. அங்கே ஒருவர் "எங்க நாட்ல இது வழக்கமில்லப்பா" என்றால் இந்தியாவைச் சொல்லவில்லை. தன் வழக்கைத் தானே பேசித் தீர்த்துக்கொள்ளும் ஒரு வட்டாரத்தைச் சொல்கிறார்.

'மாநிலம்' கதை தலைகீழ். பழைய இலக்கியத்தில் அதற்குப் பெரிய நிலம், இந்த உலகம் என்று பொருள். வெள்ளைக்காரன் காலத்தில் மாகாணமும் ராஜதானியும் இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் 'சென்னை ராஜ்யம்' என்று எழுதினார்கள். பிறகுதான் மாநிலம் நிலைத்தது. ஆக, வட்டாரத்தைக் குறித்த சொல் தேசமாக வளர்ந்தது. உலகத்தைக் குறித்த சொல் உட்பிரிவாகச் சுருங்கியது.

1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், பழைய காங்கிரஸ்காரர். பன்னிரண்டு கோரிக்கைகள் வைத்திருந்தார். சென்னை ராஜ்யத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அதில் முக்கியமானது. ஆட்சி தமிழில் நடக்க வேண்டும் என்பதும் உண்டு. எழுபத்தைந்து நாளுக்கு மேல் சாப்பிடவில்லை. உடல் மோசமானதும் மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அக்டோபர் 13 அன்று அங்கே இறந்தார்.

ஒரு பெயருக்காகவா என்று இன்று கேட்கத் தோன்றலாம். அன்றைய அரசும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். 1961இல் ஒரு சமரசம் வந்தது: தமிழில் எழுதும்போது தமிழ்நாடு, ஆங்கிலத்தில் எழுதும்போது மெட்ராஸ். ஒரே அரசுக்கு இரண்டு மொழியில் இரண்டு பெயர். 1967 ஜூலை 18 அன்று அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14, பொங்கல் அன்று, பெயர் அமலுக்கு வந்தது. இருபது நாள் கழித்து அண்ணா இறந்துபோனார்.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றைச் சேர்த்துப் படிக்காவிட்டால் கதை பாதிதான். 1963இல் பதினாறாவது அரசமைப்புத் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. வாசற்கதவு அடைபட்டு நாலு வருஷத்தில் பெயர்ப்பலகையில் 'நாடு' ஏறியது. தமிழ்நாடு என்ற பெயரில் இருக்கும் நாடு பாஸ்போர்ட் நாடும் இல்லை, வெள்ளலூர் நாடும் இல்லை. 2023 ஜனவரியில் ஆளுநர் 'தமிழகம்' என்பதே பொருத்தம் என்று பேசியதும் ஊரே கொந்தளித்ததற்குக் காரணம், அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு கணக்கு பாக்கி இருப்பதுதான்.

2021இல் 'ஒன்றிய அரசு' சர்ச்சையும் இதே வகை. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. மத்திய அரசு என்பது பழக்கத்தில் வந்த சொல். கிண்டல் செய்தவர்கள், "ஒன்றியம்னா திருப்பரங்குன்றம் ஊராட்சி ஒன்றியம் மாதிரியா?" என்றார்கள். சொல் சரிதான். ஆனால் சொல் மாறியதும் உறவு மாறிவிடாது. ஒரு மாநிலத்தை உடைத்துப் புது மாநிலம் உண்டாக்க அமெரிக்காவில் அந்த மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். நம்முடைய மூன்றாவது பிரிவின்படி சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. 2019இல் ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு ஒன்றியப் பகுதிகளானது. அமெரிக்க நீதிமன்றம் சொன்னதில் பாதிதான் நமக்குப் பொருந்தும்: ஒன்றியம் அழியாது, மாநிலம் அழியலாம்.

கல்லாப்பெட்டிக்கு வருவோம். 1939இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட அது வழி. மாகாணம் தானே யோசித்தது, தானே போட்டது. 2017 ஜூலை 1க்குப் பிறகு விற்பனை வரியில் பெரும்பகுதி ஜி.எஸ்.டி.க்குள் போய்விட்டது. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் ஒன்றிய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு வேண்டும். கூட்டிப் பாருங்கள்: எல்லா மாநிலங்களும் ஒன்றாக நின்றாலும் ஒன்றிய அரசு இல்லாமல் ஒன்றும் நடக்காது. ரோட் ஐலண்டின் தலையாட்டல் இங்கே டெல்லியிடம் இருக்கிறது. பெயர்ப்பலகையில் நாடு, கல்லாப்பெட்டியில் மாநிலம்.

இலங்கையில் இதே குழப்பத்துக்கு விலை இன்னும் அதிகம். 1949இல் செல்வநாயகம் முதலியோர் தொடங்கிய கட்சிக்குத் தமிழில் 'தமிழரசுக் கட்சி', ஆங்கிலத்தில் 'ஃபெடரல் பார்ட்டி'. தமிழ்ப் பெயர் அரசு என்றது, ஆங்கிலப் பெயர் சமஷ்டி என்றது. தனி நாடுதான் கேட்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல அந்த இடைவெளி வசதியாக இருந்தது. 2017இல் புதிய அரசமைப்புக்கான இடைக்கால அறிக்கையில் சிங்களத்தில் 'ஏக்கிய ராஜ்ய', தமிழில் 'ஒருமித்த நாடு' என்று போட்டார்கள். இரண்டும் ஒன்றுதானா என்ற சண்டை தீரவில்லை, புதிய அரசமைப்பும் வரவில்லை.

அதனால்தான் பிள்ளைகளிடம் கலைச்சொல் பட்டியலை அப்படியே உருப்போடாதீர்கள் என்கிறேன். ஸ்டேட் என்று எங்கே பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: வரியை யார் போடுகிறார்கள்? வெளியே போக முடியுமா? இரண்டுக்கும் பதில் தெரிந்தால் நாடா மாநிலமா என்று தானாக விளங்கும்.

குடியரசு என்ற சொல்லுக்கும் இதே சோதனை பொருந்தும். கல்வெட்டில் 'குடிமை' என்பது குடிகள் செலுத்த வேண்டியவற்றில் ஒன்று. நிலக் கணக்கில் குடிவாரம் என்றால் உழுதவன் பங்கு, மேல்வாரம் என்றால் மேலே போகும் பங்கு. ஆகக் குடி என்பவன் நெடுங்காலம் கொடுக்கிறவனாகவே இருந்தவன். அவனையும் அரசையும் ஒரே சொல்லில் ஒட்டவைத்தது பெரிய துணிச்சல். பெரியார் 1925இல் ஈரோட்டில் தன் பத்திரிகைக்கு அந்தப் பெயரை வைத்தபோது ஓட்டுரிமையே ஒரு சிலருக்குத்தான் இருந்தது. கொடுக்கிறவனே ஆளவும் வேண்டும் என்பதுதான் 1765இல் முத்திரைத் தீர்வையை எதிர்த்த அமெரிக்கக் குடியேறிகளின் வாதமும்.

திருநகரிலிருந்து திருமங்கலம் போகிற வழியில் கப்பலூர் சுங்கச்சாவடி இருக்கிறது. 'சுங்கம்' சோழர் காலத்துச் சொல். முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்தவன் என்றே பட்டம். பக்கத்து ஊருக்குப் போய்வரக்கூடக் காசா என்று திருமங்கலத்து ஜனங்கள் அங்கே பல வருஷமாகப் போராடுகிறார்கள். சாலை தேசிய நெடுஞ்சாலை, முடிவு ஒன்றிய அரசுடையது. மறியல் நடக்கிற நாளில் அந்தப் பக்கம் போனால் பாஸ்டன் துறைமுகத்தில் கேட்ட அதே கேள்வி மதுரைத் தமிழில் காதில் விழும்: "எங்களக் கேட்டாய்யா போட்டீங்க?"