மயிலாப்பூர் மொட்டை மாடியில் குட்டி பைன் போன்சாய் வளருமா? சென்னைக்கு ஏற்ற மரம் எது?

உள்ளங்கை அகலத் தட்டில் ஒரு குட்டி பைன் மரம். 'குள்ள ரகம், பராமரிப்பு ஈஸி' என்று ஆன்லைனில் பார்த்ததும் வாங்கத் தோன்றும். வாங்கி மயிலாப்பூரில் ஒரு மொட்டை மாடியில் வைத்தால் என்ன ஆகும்?

முதல் சில வாரம் ஒன்றுமே ஆகாது. சிக்கலே அதுதான். ஊசியிலை மரங்கள் வேர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். இலை பழுப்பாகி நாம் பதறும்போது கதை முடிந்திருக்கும்.

பைனுக்கு இங்கே என்ன பிரச்னை?

குள்ள ரகமாக விற்கப்படும் மியூகோ பைன், ஆல்ப்ஸ் போன்ற ஐரோப்பிய மலைகளில் வளர்வது. ஜப்பானியர்கள் போன்சாய்க்கு விரும்பும் வெள்ளை பைனும் மலை மரம்தான். இவற்றுக்கு வருடாவருடம் குளிர்கால ஓய்வு தேவை. சென்னையிலோ ஜனவரி அதிகாலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஓய்வே இல்லாத மரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துவிடும். ஏசி ரூமில் வைக்கலாமா என்றால், அது இன்னும் மோசம். வெயில் கிடைக்காது.

1625 முதல் போன்சாயாக வளர்க்கப்படும் ஒரு வெள்ளை பைன், 1945 ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது யமாகி குடும்பத்தின் தோட்டத்தில் இருந்தது. சுவர் மறைவில் தப்பிப் பிழைத்தது. 1976-ல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போய், இப்போது வாஷிங்டனில் உள்ள தேசிய மரத்தோட்டத்தில் இருக்கிறது. அணுகுண்டையே தாங்கிய அந்த ரகத்துக்கு நம்ம ஊர் மார்கழி மட்டும் போதாது.

அப்போ எதை வளர்க்கலாம்?

சவுக்கு. ஈசிஆர் பக்கம் தோப்பு தோப்பாகப் பார்க்கிறோமே, பந்தல்காலுக்கும் சாரத்துக்கும் வெட்டுவார்களே, அதேதான். பார்க்க அசல் பைன் மாதிரியே இருக்கும், குட்டிக் காய்கள் உட்பட. உண்மையில் அது பைன் குடும்பமே இல்லை. ஊசி போலத் தெரிவது இலையும் அல்ல, மெல்லிய பச்சைக் குச்சி. நிஜ இலைகள் அதன் கணுக்களில் செதில் போல ஒட்டியிருக்கும். வெப்பம், கடல்காற்று, உப்புத்தன்மை எல்லாவற்றையும் தாங்கும்.

எப்படி ஆரம்பிப்பது?

பலரும் சறுக்குவது முதல் நாளில்தான். பென்சில் பருமன் கன்றை உடனே தட்டையான போன்சாய் தொட்டியில் நட்டுவிடுகிறார்கள். வேர் பரவ இடமில்லாததால் தண்டு பருக்காது. பத்து வருடமானாலும் கன்றாகவேதான் தெரியும். முதல் இரண்டு மூன்று வருடம் பெரிய தொட்டியில் தாராளமாக வளரவிட்டு, அடிமரம் தடித்த பிறகு மேலே வெட்டிக் குறைப்பதே முறை. போன்சாய் குள்ளமாவது வெட்டுவதால்தான், விதையால் அல்ல. 'போன்சாய் விதை' என்று பாக்கெட்டில் விற்பது சாதாரண மர விதைதான்.

மண் தண்ணீரைத் தேக்கக் கூடாது. செம்மண், கரடுமுரடான மணல், உடைத்த செங்கல் துண்டு, கொஞ்சம் மக்கிய உரம் போதும். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம்.

நாள் முழுக்க வெயில் படட்டும். ஆனால் சவுக்குக்குத் தாகம் அதிகம். சின்னத் தொட்டியில் இருந்தால் கத்திரி வெயிலில் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

கிளைகளை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றலாம். சவுக்கு வேகமாகப் பருக்கும் என்பதால் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். கம்பி பட்டையில் பதியத் தொடங்கினால் திருகி எடுக்காமல், துண்டு துண்டாக வெட்டி எடுக்கவும். கத்தரிக்கும்போது ஒவ்வொரு கிளையிலும் கொஞ்சம் பச்சையை விட்டுவையுங்கள். மொட்டையடித்தால் அந்தக் கிளையே காய்ந்துபோகலாம்.

தினமும் இவ்வளவு மெனக்கெட முடியாதவர்களுக்கு ஆல், அரசு, இச்சி இருக்கின்றன. ஒருநாள் தண்ணீர் மறந்தாலும் மன்னிக்கிற மரங்கள். எதுவானாலும் தொட்டி மாற்றி வேர் வெட்டும் வேலையை மே மாதத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். வெயில் தணிந்து, ஒன்றிரண்டு மழை பெய்த பிறகு செய்யலாம்.