கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களும் கரையோரக் கடற்சூழலும்

கேமரன் மலை, தீபகற்ப மலேசியாவின் பகாங் மாநிலத்தில் தித்திவாங்சா மலைத்தொடரின் மேல் அமைந்த உயர்நிலம். தேயிலைக்கும் காய்கறிக்கும் பெயர் பெற்ற இம்மலையில் பெய்யும் மழை இரண்டு கடல்களைச் சென்றடைகிறது. ஒரு பகுதி பகாங் ஆற்றின் வழியே கிழக்கே தென்சீனக் கடலுக்குப் போகிறது. இன்னொரு பகுதி நீர்மின் திட்டச் சுரங்கங்களின் வழியே மலைத்தொடரைக் கடந்து மேற்கே மலாக்கா நீரிணையில் சேர்கிறது. சரிவிலிருந்து அரித்துச் செல்லப்படும் மண்ணும் உரச்சத்தும் இதே பாதைகளில்தான் இறங்குகின்றன. அதனால் கழிமுகம், கண்டல் காடு, கடற்புல் வெளி, பவளப்பாறை ஆகிய கரையோரச் சூழலமைப்புகளின் நலனை மலையின் நிலப் பயன்பாட்டிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

நிலமும் மழையும்

1885ஆம் ஆண்டில் இப்பகுதியை அளந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரை இம்மலை தாங்கியிருக்கிறது. மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 712 சதுர கிலோமீட்டர். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா ஆகியவை முக்கிய ஊர்கள். பிரிஞ்சாங் மலைமுடி 2,000 மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்தது. முடியை ஒட்டிய பாசிக்காடு, மேகத்தின் ஈரத்தைப் பிடித்துவைத்து ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடுகிறது.

ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டருக்கும் அதிகம். நிலத்தின் பெரும்பகுதி கிரானைட் பாறை ஆழமாகச் சிதைந்து உண்டான மண். காடு மூடியிருக்கும்வரை இந்த மண் அசையாமல் நிற்கிறது. மூடியை அகற்றியதும், செங்குத்தான சரிவும் கனமழையும் சேர்ந்து அதை விரைவாகக் கரைத்துவிடுகின்றன.

தேயிலைத் தோட்டங்கள்

இங்கு 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்களே பெரியவை. ஹாபு, சுங்கை பாலாஸ் பகுதிகளில் அவை பரந்துள்ளன. 1933இல் தொடங்கிய பாரத் நிறுவனத்தின் தோட்டங்கள் கேமரன் வேலி என்ற பெயரில் அறியப்படுகின்றன. காட்டை வெட்டித் திருத்தியதிலும், கன்று நட்டதிலும், கொழுந்து பறித்ததிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்களின் உழைப்பு அடித்தளமாக இருந்தது. அவர்களின் வழிவந்தோர் பலர் பிற்காலத்தில் காய்கறி விவசாயத்துக்கும் நகர வேலைகளுக்கும் மாறினர். இன்று தோட்ட வேலையில் இந்தோனேசிய, வங்காளதேச, நேபாளத் தொழிலாளரே மிகுதி.

மண்ணைப் பொறுத்தவரை முதிர்ந்த தேயிலைக்கு ஒரு நற்குணம் உண்டு. பல பத்தாண்டுகள் வாழும் இச்செடி, கவாத்து செய்து வளர்க்கும்போது இடைவெளியின்றித் தழைத்து மழைத்துளியின் வேகத்தைத் தாங்குகிறது. ஆழ வேர்கள் சரிவைப் பிடித்துக்கொள்கின்றன. வெட்டிய கிளைகளையும் இலைகளையும் வரிசைகளுக்கு இடையே பரப்பினால் அதுவே மூடாக்காகிறது. மண் இழப்பு மிகுவது காட்டை அழித்துப் புதிதாக நடும் ஆண்டுகளிலும், ஆழ்ந்த கவாத்துக்குப் பின் நிலம் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களிலும், தோட்டப் பாதைகளின் ஓரங்களிலும்தான்.

காய்கறி நிலங்களில் நிலைமை கடுமையானது. ஆண்டில் பலமுறை மண்ணைக் கிளறிப் பயிரிடுகிறார்கள். பிளாஸ்டிக் கூரையின் மேல் விழும் மழை ஊறுவதற்கு வழியின்றி ஒரே நேரத்தில் வடிகாலில் பாய்கிறது. கோழி எருவும் இரசாயன உரமும் அதோடு கலக்கின்றன. 1950களில் இங்குள்ள ஆறுகளின் வண்டலை அளந்தபோதே, காட்டுச் சரிவைவிடத் தேயிலைச் சரிவிலிருந்து பல மடங்கும், தேயிலையைவிடக் காய்கறி நிலத்திலிருந்து இன்னும் அதிகமாகவும் மண் இறங்குவது பதிவாகியது. இந்த வரிசை பின்வந்த ஆய்வுகளிலும் மாறவில்லை.

ரிங்லெட் நீர்த்தேக்கமும் திசைமாறிய ஆறும்

கேமரன் மலையின் இரண்டு முக்கிய ஆறுகள் தெலோம், பெர்த்தாம். இயல்பில் இரண்டுமே ஜெலாய் ஆற்றின் வழியே பகாங் ஆற்றில் சேர வேண்டியவை. 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை இந்தப் பாதையை மாற்றியது. தெலோம் நீரின் ஒரு பகுதி சுரங்கம் வழியே பெர்த்தாமுக்குத் திருப்பப்படுகிறது. ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேரும் நீர் மலையைக் குடைந்த இன்னொரு சுரங்கத்தின் வழியே பேராக் மாநிலத்தின் ஜோர் பகுதிக்கு இறங்கி, 100 மெகாவாட் திறனுள்ள சுல்தான் யூசுப் மின்நிலையத்தை இயக்குகிறது. அங்கிருந்து பாத்தாங் பாடாங் ஆற்றில் சேர்ந்து தாப்பாவைக் கடந்து, பீடோர் ஆற்றோடு கலந்து, தெலுக் இந்தான் அருகே பேராக் ஆற்றை அடைந்து, மலாக்கா நீரிணையில் முடிகிறது.

நீர்த்தேக்கத்தின் தொடக்கக் கொள்ளளவு 60 லட்சம் கன மீட்டருக்குச் சற்று மேல். வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட மிக விரைவாக அதில் வண்டல் நிரம்பியது. மின்வாரியமான தெனாகா நேஷனல் தொடர்ந்து தூர் வாரிவருகிறது. கொள்ளளவு குறைந்த தேக்கத்தால் திடீர் மழையைத் தாங்க முடிவதில்லை. 2013 அக்டோபர் 23 அன்று கனமழையில் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளமாகப் பாய்ந்து உயிர்களைப் பறித்தது. 2014 நவம்பரில் ரிங்லெட் பகுதி மீண்டும் நிலச்சரிவையும் சேற்று வெள்ளத்தையும் கண்டது. மண்ணரிப்பின் முதல் துயரம் மலைவாசிகளுக்கே நேர்கிறது. கடலுக்கு அது பின்னரே போய்ச்சேர்கிறது.

அணை பருமணலையும் கனமான வண்டலையும் தடுத்துவிடுகிறது. நுண்களிமண்ணும் கரைந்த நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளும் அணையைத் தாண்டிப் போகின்றன. ஆற்றின் கீழ்ப்பகுதியில் செம்பனைத் தோட்டங்கள், ஊர்கள், கட்டுமானங்கள் ஆகியவற்றின் கழிவும் அதோடு சேர்கிறது. கழிமுகத்தை அடையும் கலங்கலில் மலையின் பங்கு ஒன்று மட்டுமே. ஆனால் அது தடுக்கக்கூடிய பங்கு.

மேற்குக் கரை: சேற்றில் விளையும் வளம்

மலாக்கா நீரிணையை ஒட்டிய பேராக் கரை தாழ்வானது, சேறு நிறைந்தது, அலை அடங்கியது. இங்கே பவளத்தைவிடக் கண்டல் மரங்களும் சேற்றுவெளிகளுமே ஆட்சி செய்கின்றன. பேராக் ஆற்றின் கழிமுகத்துக்கு வடக்கே ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் பரப்புள்ள மாத்தாங் கண்டல் காடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து முறையான திட்டத்தோடு பராமரிக்கப்படுகிறது. 30 ஆண்டுச் சுழற்சியில் மரம் வெட்டி மீண்டும் வளர்க்கும் இக்காடு, பயன்பாடும் பாதுகாப்பும் இணைந்து போக முடியும் என்பதற்கு உலக அளவில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

கண்டல் காட்டின் உற்பத்தி பெரும்பாலும் உதிரும் இலையின் வழியே கடலுக்குப் போகிறது. நண்டுகள் இலையைக் கிழித்து உண்கின்றன. பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் மிச்சத்தை மக்கச் செய்கின்றன. அந்த மக்கை இறால், நத்தை, மீன்குஞ்சு ஆகியவை உண்கின்றன. வேர்ச்சிக்கல்களுக்குள் பெரிய மீன்கள் நுழைய முடியாததால் இளங்குஞ்சுகள் அங்கே பாதுகாப்பாக வளர்கின்றன. மலேசியர் கெராங் என்று அழைக்கும் சிப்பி வளர்வதும் இக்கரையின் சேற்றுவெளிகளில்தான்.

இத்தகைய கரைக்கு வண்டல் ஓரளவு தேவை. ஆற்று மண் வராவிட்டால் கண்டல் கரை கடலரிப்புக்கு இரையாகும். அளவு மீறும்போதுதான் கேடு வருகிறது. மூச்சுவேர்கள் புதைந்து மரம் பட்டுப்போகிறது, சிப்பிப் படுகைகள் மூடிப்போகின்றன, மிகையான உரச்சத்தால் பாசி பெருகி நீரின் ஆக்சிஜன் குறைகிறது.

கிழக்குக் கரை: தெளிந்த நீரின் பவளம்

பகாங் ஆறு தீபகற்ப மலேசியாவின் மிக நீளமான ஆறு. ஜெலாயும் தெம்பெலிங்கும் கூடி உருவாகும் அது பெக்கான் நகரை அடுத்துத் தென்சீனக் கடலில் கலக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் இந்த முகத்துவாரம் செந்நிறக் கலங்கலைக் கடலுக்குள் தள்ளுகிறது. மாநிலத்தின் சிறந்த பவளப்பாறைகள் முகத்துவாரத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால், தெளிந்த நீர் சூழ்ந்த தியோமான் தீவிலும் அதன் அண்டைத் தீவுகளிலும் இருப்பது தற்செயல் அல்ல. நன்னீரும் சேறும் ஓயாமல் வரும் இடத்தில் பவளப்பாறை எழும்புவதில்லை.

பவளம் ஒரு விலங்கு. ஒவ்வொரு பவள மொட்டின் திசுவுக்குள்ளும் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் செய்யும் உணவு, பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 விழுக்காடு வரை நிறைவு செய்யும். பவளம் தன் கழிவான நைட்ரஜனையும் கரியமில வாயுவையும் பாசிக்குத் திருப்பித் தருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் சத்துக் குறைந்த வெப்பக் கடலில் செழிப்பான பாறை எழும்பும் புதிருக்கு விடையின் முதல் பகுதி. நைட்ரஜனை நிலைநிறுத்தும் நீலப்பச்சைப் பாசிகளும், நீரில் கரைந்த கரிமப் பொருளை உறிஞ்சி மற்ற உயிர்களுக்கு உணவாக மாற்றித்தரும் கடற்பஞ்சுகளும் மிச்சத்தை நிறைவு செய்கின்றன. எந்தச் சத்தும் வீணாகாமல் மீண்டும் மீண்டும் சுழல்கிறது.

1955இல் சூழலியலாளர்களான ஓடம் சகோதரர்கள் எனிவெட்டோக் பவளத்தீவில் செய்த ஆய்வு இந்த உற்பத்தியின் பெருக்கத்தை எண்களில் காட்டியது. பவளப்பாறையின் மொத்த முதன்மை உற்பத்தி ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கான கிராம் கார்பன் அளவுக்கு உயரும். திறந்த வெப்பக் கடலில் இது நூறு கிராம் அளவிலேயே நிற்கிறது. ஆனால் பாறை தான் உற்பத்தி செய்வதில் பெரும்பகுதியைத் தானே உண்டுவிடுகிறது. வெளியே போகும் உபரி சிறிது. அதனால் மீன்வளம் மிகுந்ததுபோல் தோன்றும் பாறையில் அளவின்றிப் பிடித்தால் அது விரைவில் வெறுமையாகும். கடற்பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தில் உள்ள பவளப்பாறைகளைச் சார்ந்து கடல்மீன் இனங்களில் ஏறத்தாழ கால்பகுதி வாழ்கின்றன.

வண்டல் செய்யும் கேடு

கலங்கல் முதலில் ஒளியைக் குறைக்கிறது. உள்ளே வாழும் பாசி பட்டினி கிடக்க, பவளமும் மெலிகிறது. படியும் நுண்மண்ணைப் பவளம் சளியால் துடைத்து வெளியேற்றுகிறது. அதற்குச் செலவாகும் ஆற்றல் வளர்ச்சியிலிருந்தும் இனப்பெருக்கத்திலிருந்தும் பிடுங்கப்படுகிறது. நாளொன்றுக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 10 மில்லிகிராமுக்கு மேல் வண்டல் தொடர்ந்து படிந்தால் பாறை நலிவடையும் என்பது 1990இலிருந்து பரவலாக மேற்கோள் காட்டப்படும் அளவுகோல். மிதக்கும் பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளச் சுத்தமான கடினத் தளம் வேண்டும். சேறு மூடிய தளத்தில் அவை குடியேறுவதில்லை. உரச்சத்து மிகுந்தால் பெரும்பாசிகள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பவளத்தைத் தின்னும் முட்கிரீட நட்சத்திர மீனின் குஞ்சுகளுக்கும் உணவு பெருகுகிறது.

தியோமானைப் பொறுத்தவரை, தீவிலேயே நடக்கும் கட்டுமானத்தின் மண்ணும் விடுதிக் கழிவுநீரும் அருகிலுள்ள ஆபத்துகள். எல்லாவற்றுக்கும் மேலாக வெப்பம். கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளிறுகிறது. 2010இல் இத்தகைய வெளிறலால் மலேசிய அரசு தியோமான் உள்ளிட்ட இடங்களில் முக்குளிப்புத் தளங்களைத் தற்காலிகமாக மூடியது. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்டது. சேற்றால் ஏற்கெனவே நலிந்த பவளம் வெப்பத்திலிருந்து மீள்வது கடினம். வெப்பத்தை ஒரு மாநிலம் தனியே குறைக்க முடியாது. சேற்றைக் குறைக்க முடியும்.

தமிழ்நாட்டின் இணை

இதே தொடர்பு தமிழ்நாட்டிலும் உண்டு. போ தோட்டம் தொடங்கிய அதே 1929இல் சிங்கம்பட்டி சமீனின் 8,373 ஏக்கர் காடு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டு மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அந்தச் சரிவின் நீர் மணிமுத்தாறு அணையைக் கடந்து, தாமிரபரணியில் சேர்ந்து, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் தூத்துக்குடித் தொகுதித் தீவுகள் இக்கழிமுகத்துக்கு அருகில் உள்ளன. இந்த 21 தீவுகளின் பகுதியில் பல ஆண்டுகள் பவளக்கல்லை வெட்டி எடுத்ததால் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. பாறை அழிந்தால் தீவும் அலைத்தடுப்பும் சேர்ந்தே போகும் என்பதை மன்னார் வளைகுடா கண்முன்னே காட்டிவிட்டது.

பாதுகாப்பு

பகாங்கில் தியோமானும் சுற்றியுள்ள தீவுகளும் 1994இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தீவைச் சுற்றி இரண்டு கடல் மைல் வரை மீன்பிடிக்கத் தடை உண்டு. ரீஃப் செக் மலேசியா அமைப்பு ஆண்டுதோறும் பாறைகளைக் கணக்கெடுப்பதோடு, தியோமான் கிராம மக்களுக்குப் பாதுகாப்புப் பணியில் பயிற்சியும் தருகிறது. இவையெல்லாம் தேவையானவை. ஆனால் கடல் பூங்காவின் எல்லை கடலோடு நின்றுவிடுகிறது. ஆற்றின் தலைப்பகுதி அதற்குள் வருவதில்லை. ஆஸ்திரேலியா 2003இல் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கான நீர்த்தரத் திட்டத்தை வகுத்தபோது கரும்பு வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அதில் சேர்த்தது. அந்த நோக்கு மலேசியாவுக்கும் பொருந்தும்.

மலையில் செய்ய வேண்டியவை தெளிவானவை: ஓடையின் இருகரையிலும் மரவரிசை விடுதல், செங்குத்துச் சரிவில் புதிதாகக் காடழிக்காமல் இருத்தல், கவாத்துக் கழிவை மூடாக்காக இடுதல், பாதையோரங்களில் புல் வளர்த்தல், பிளாஸ்டிக் கூரை நிலங்களில் வண்டல் பிடிக்கும் குழிகள் அமைத்தல், உரத்தைப் பயிரின் தேவைக்கு மட்டும் இடுதல். மண் நின்றால் முதலில் பயனடைபவர் விவசாயிதான். அவருடைய உரச்செலவு குறையும், நிலம் நிலைக்கும், பள்ளத்தாக்கு மக்கள் சேற்று வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டியிராது. அதன் பலன் ஆற்றோடு இறங்கி மீனவரையும் எட்டும். ஆகவே கேமரன் மலையின் ஓடைக்கரைகளில் மரம் நடும் செலவை பகாங், பேராக் மாநிலங்கள் கடல் பாதுகாப்புச் செலவாகவே கருதி ஒதுக்க வேண்டும்.