அரங்கம் ஊர் தேடி வந்த வரலாறு

கலை ஒரு மேடையிலே பிறக்கின்றது. அதனைக் காண விழைவோரோ நாடெங்கும் பரந்து வாழ்கின்றனர். இவ்விடைவெளியைக் குறைக்க மக்கள் செய்த முயற்சிகள் தனியொரு வரலாறாகும்.

ஐரோப்பியர் 'ஓபரா' என்று போற்றும் இசைநாடகத்தை முதற்கண் நோக்குவோம். 1881-இல் நடைபெற்ற பாரிஸ் மின்பொருட்காட்சியில், ஓபரா அரங்கில் எழுந்த பாட்டைத் தொலைபேசிக் கம்பிவழியே பிறிதோரிடத்தில் கேட்கச் செய்தனர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா, 1931-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று ஒரு நாடகத்தை முழுமையாக வானொலியில் ஒலிபரப்பிற்று. 1952 டிசம்பரில் 'கார்மென்' அங்கே மேடையில் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே அமெரிக்காவின் 27 நகரங்களிலிருந்த 31 திரையரங்குகளில் காட்டப்பெற்றது. 2006 டிசம்பர் 30-ஆம் நாள் மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' துணைக்கோளின் உதவியால் கடல்கடந்த நாடுகளின் திரையரங்குகளையும் எட்டியது. ஆயினும், அரங்குக்கு நேரில் வருவோரை இப்புதுமை குறைக்கின்றதோ என்ற கவலை அந்நிறுவனத்தாருக்கே பின்னர் எழுந்தது.

இக்கவலை தமிழர்க்குப் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வளர்த்த இசைநாடகங்கள் விடிய விடிய நடந்தன. பிடித்த பாட்டுக்கு அவையோர் 'ஒன்ஸ்மோர்' கேட்பர். நடிகர் மீண்டும் பாடுவார். தமிழகக் குழுக்கள் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தன. ஆனால், அவை பெரும்பாலும் பட்டணங்களிலேயே தங்கின. கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய தொழிலாளி, பட்டணம் சென்று இரவெல்லாம் நாடகம் பார்ப்பது எங்ஙனம்? தொலைவும் கூலியும் நேரமும் அவனைத் தடுத்தன.

1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழில் பேசும்படம் தொடங்கிற்று. 1934-இல் கே. சுப்பிரமணியம் 'பவளக்கொடி'யைப் படமாக்கியபோது, அந்நாடகத்தை மேடையில் நடித்துப் புகழ்பெற்ற எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியுமே திரையிலும் தோன்றினர். அதே ஆண்டில் சிங்கப்பூரில், மலாய் இசைநாடகமாகிய பங்சாவான் நடிகர்களைக் கொண்டு பி. எஸ். ராஜ்ஹான்ஸ் இயக்கிய 'லைலா மஜ்னுன்' திரையிடப்பட்டது. மேடையைத் திரை ஊரூராய்ச் சுமந்து சென்றது உண்மை. ஆனால், நடிகரும் அவையோரும் திரைப்பக்கம் போகவே, நாடக சபைகள் மெலிந்தன. 'ஒன்ஸ்மோர்' கேட்டால் மீண்டும் பாட, திரையில் ஆளில்லை.

மலாயாவில் வானொலியின் வரலாறு சற்று வேறானது. 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி தொடங்கிற்று. தமிழும் அதன் மொழிகளுள் ஒன்றாயிற்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், பொதுமக்கள் கூடிக் கேட்பதற்கான வானொலிப் பெட்டிகளை அரசாங்கம் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் வைத்தது. படவண்டிகளும் திடல்தோறும் திரை கட்டின. அரசாங்கத்தின் நோக்கம் பிரசாரமே. எனினும், அதே பெட்டியில் பாட்டும் நாடகமும் லயத்து வாசலுக்கு வந்தன. அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு: வானொலிக்குப் புதிய நாடகங்கள் வேண்டியிருந்தன. இந்நாட்டுத் தமிழரே எழுதினர். இந்நாட்டுத் தமிழரே நடித்தனர். வானொலி பிறர் மேடையைச் சுமந்து வந்ததோடு நில்லாது, நம்மவர்க்கு ஒரு மேடையையும் அமைத்துத் தந்தது. 1963 டிசம்பர் 28-இல் தொலைக்காட்சியும் இந்நாட்டில் அடியெடுத்து வைத்தது.

இவ்வரலாறு கற்பிப்பது யாது? கலையைத் தொலைவிலுள்ளோர்க்குக் கொண்டு சேர்ப்பது கடமை. மேடைக்கு வர இயலாதவனுக்கு அது உரிமையுமாகும். ஆனால், எத்தனை பேர் கண்டனர் என்பது பாதிக் கணக்கே. கண்டவருள் எத்தனை பேர் பாடவும் ஆடவும் எழுந்தனர் என்பது மறுபாதி. 1981-இல் தொடங்கப்பெற்று, பிரிக்பீல்ட்ஸில் இசையும் நாட்டியமும் பயிற்றிவரும் நுண்கலைக் கோயில் போன்ற நிலையங்கள் உள்ளவரை, திரைக்குத் தருவதற்கு நம்மிடம் மேடை உண்டு. அம்மேடையைத் திரை கிள்ளானுக்கும் அதற்கப்பாலும் கொண்டு செல்லட்டும். மறுநாட்காலை அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள், தாம் கண்டதை ஆடிப்பார்க்க ஒரு மரப்பலகை மேடையேனும் அங்கே இருத்தல் வேண்டும்.