தஞ்சைக் கிராமங்களும் நடத்தைப் பொருளியலும்

பணம், கடன், உழைப்பு பற்றிய முடிவுகளை மனிதர்கள் நடைமுறையில் எவ்வாறு எடுக்கிறார்கள் என்பதை உளவியலின் துணையோடு ஆராயும் துறை நடத்தைப் பொருளியல். இத்துறை உருவாவதற்கு வெகுகாலம் முன்பே, காவிரிப் படுகையின் நெல் விவசாயிகளை நேரில் கேட்டறியும் ஆய்வு மரபு தொடங்கிவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணவர்களைக் கிராமங்களைப் பற்றி எழுதச் செய்தார். நிலவுடைமை, பயிர், கூலி, கடன் குறித்து அவர்கள் திரட்டிய விவரங்கள் 1918-ல் நூலாயின. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் பாலக்குறிச்சியும் அதில் இடம்பெற்றது.

1961-62-ல் டெல்லிப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வுக்காக ஆந்த்ரே பெத்தேல் தஞ்சைக் கிராமம் ஒன்றில் தங்கினார். அதற்கு அவர் இட்ட புனைபெயர் ஸ்ரீபுரம். அவர் குடியிருந்தது அக்கிரகாரத்தில். அதனாலேயே சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியவில்லை. ஆய்வாளர் எந்தத் தெருவில் தங்குகிறார் என்பது, யாருடைய வாழ்க்கை அவர் குறிப்பேட்டில் ஏறுகிறது என்பதையும் தீர்மானித்தது. அந்த ஆய்வு 1965-ல் நூலாக வெளிவந்தது.

வருமானத்தையும் நிலத்தையும் கணக்கிட்ட இம்மரபில் விவசாயியின் மனநிலை அளக்கப்படவில்லை. அந்தக் கேள்வியைத் தமிழகத்தில் எழுப்பியது, 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் அதன் ஆசிரியர்கள். ஹார்வர்டில் 1998-ல் பொருளியல் முனைவர் பட்டம் பெற்ற முல்லைநாதன் இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர்.

களம் தஞ்சை அல்ல. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்கள். 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்னும் பின்னும் அறிவுத்திறன் சோதனைகள் நடத்தப்பட்டன. கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே விவசாயிகள் குறைவான மதிப்பெண் பெற்றனர். ஏழைக்கு அறிவு குறைவு என்பதல்ல, பற்றாக்குறையின் கவலையே சிந்தனையின் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது என்று ஆசிரியர்கள் வாதிட்டனர். இம்முடிவு அறிஞர்களிடையே விவாதத்துக்கும் உள்ளானது.

இக்கேள்வி காவிரிப் படுகைக்கும் பொருந்தும். மேட்டூர் அணை திறப்பை நம்பிக் குறுவை, சம்பா சாகுபடிக்குக் கடன் வாங்கும் விவசாயிக்கும் அறுவடை வரை கை வறண்ட மாதங்கள் உண்டு. ஆனால் நிலமற்ற கூலித் தொழிலாளிக்குக் கடனை ஒரேயடியாக அடைக்கும் அறுவடை நாள் என்று ஒன்று இல்லை. அவருடைய ‘அறுவடைக்குப் பின்’ எது என்பது, இனி டெல்டாவுக்கு வரும் முனைவர் பட்ட ஆய்வாளருக்கான கேள்வி.