பழுது நீக்கியவர்களின் கையெழுத்து: பெங்களூரின் வால்வு வானொலிகள் குறித்துச் சில குறிப்புகள்

கடந்த மாதம் அல்சூரில் ஒரு வீட்டின் மாடியறையில் பி.சி.-348 வகை வானொலி ஏற்பி ஒன்றைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. சுவிட்சை நோக்கி என் கை நீண்டதும் வீட்டுப் பெரியவர் தடுத்தார்: “அவசரப்படாதீங்க தம்பி, முதல்ல சீரீஸ் பல்பு.” மின்வழியில் நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் இட்ட பின்னரே மின்சாரம் தந்தார். உள்ளே எங்கேனும் ஷார்ட் இருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரியும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கியது. பெரியவர் முகத்தில் நிம்மதி.

அது சடங்கு அன்று. பல்லாண்டுகள் உறங்கிய பெட்டியில் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களின் உள்ளே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் சிதைந்திருக்கும். முழு மின்னழுத்தமும் திடீரெனப் பாய்ந்தால் அவை வெடிக்கக்கூடும். சிறிது சிறிதாக ஏற்றினால் படலம் மீண்டும் உருவாக வாய்ப்புண்டு.

பி.சி.-348 இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க விமானங்களின் ஏற்பி. 1940-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1943-இல் அமெரிக்க விமானப்படையின் பொறுப்பில் வந்து, கிழக்கு அரங்கின் முதன்மையான பழுதுபார்ப்பு நிலையங்களுள் ஒன்றாக இயங்கியது. ஆகவே இவ்வகைக் கருவிகள் இந்நகருக்கு அந்நியமானவை அல்ல. போர் முடிந்தபின் உபரித் தளவாடங்கள் ‘டிஸ்போசல் சாமான்’ என்ற பெயரில் இந்திய நகரங்களின் பழைய பொருள் சந்தைகளுக்கு வந்து குவிந்தன.

வாங்கக் காத்திருந்தவர்கள் யார்? அமெச்சூர் வானொலியாளர்கள். 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து உரிமம் பெற்றதிலிருந்து தொடங்குகிறது இவர்களின் வரலாறு. 1935-இல் மைசூரில் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தம் இல்லத்திலேயே 30 வாட் பரப்பியைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கினார். ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் ஒட்டிக்கொண்டது அந்நிலையத்தில்தான். 1939-இல் போர் மூண்டதும் அமெச்சூர்கள் தம் பரப்பிகளைக் காவல்துறையிடம் ஒப்படைக்குமாறு ஆணை வந்தது. உழைத்துச் சேர்த்த கருவிகளை அரசிடம் இழந்த தலைமுறைக்கு, அதே போரின் எச்சமே பின்னர் மூலப்பொருளாயிற்று. இந்த முரண் எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. அயல்நாட்டு அமெச்சூர் புதிய கருவியை விலைக்கு வாங்கிய காலத்தில், இங்கிருந்தவர் விமானப் பெட்டியை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றிக்கொண்டிருந்தார். அது எளிய வேலை அன்று. பி.சி.-348 விமானத்தின் 28 வோல்ட் மின்சாரத்தில் இயங்கியது. உயர் மின்னழுத்தத்தை டைனமோட்டர் என்னும் சுழல்கருவி தந்தது. அதைக் கழற்றிவிட்டு, 230 வோல்ட்டுக்கு ஏற்ற டிரான்ஸ்பார்மரும் ரெக்டிபையரும் அமைக்க வேண்டும். தொடரிணைப்பில் இருந்த வால்வு இழைகளைப் பிரித்து 6.3 வோல்ட்டுக்கு இணையாக்க வேண்டும். வால்வின் மேலுள்ள இராணுவ எண்ணையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்: விடி-86 என்றால் 6கே7, விடி-100 என்றால் 807. வீட்டிலேயே கட்டப்பட்ட எத்தனையோ பரப்பிகளின் இறுதிக் கட்டத்தில் நின்றது இந்த 807தான்.

பழுதைக் கண்டறியும் முறையில் காதுக்கும் கண்ணுக்கும் பெரும் பங்குண்டு. ஒலிபெருக்கியில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் ஓங்கினால் வடிகட்டும் கெபாசிட்டர் வற்றியிருக்கலாம். வெளியீட்டு வால்வின் தகடு செக்கச் சிவந்தால் சந்தேகம் பெரும்பாலும் அதற்கு முன்னுள்ள மெழுகுக் காகிதக் கெபாசிட்டர் மேல் விழும். ஈரம் ஏறிய காகிதம் முந்தைய கட்டத்தின் நேர் மின்னழுத்தத்தைக் கசியவிடுகிறது. எதிர் மின்னழுத்தத்தில் இருக்க வேண்டிய கிரிட் தன் கட்டுப்பாட்டை இழக்கிறது. மின்னோட்டம் மிகுந்து வால்வு தன்னையே எரித்துக்கொள்கிறது. வால்வை மட்டும் மாற்றுபவர் புதிய வால்வையும் இழப்பார். இத்தனையும் அணைத்த பின்னும் மின்னேற்றம் தேங்கி நிற்கும் பெட்டிக்குள் செய்ய வேண்டிய வேலை. ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுகையால் சோதிப்பது அதனால்தான். மின்சாரம் நெஞ்சின் குறுக்கே பாயக் கூடாது.

நான் திறந்த பெட்டிக்கு வருகிறேன். வெளியீட்டு வால்வின் இடத்தில் அமெரிக்க வால்வு இல்லை. பழைய வால்வின் அகலமான துளைமேல் கையால் வெட்டிய தகரத்துண்டு. அதன் நடுவே ஒன்பது முள் சாக்கெட். அதில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரையிட்ட வால்வு. 1954-இல் நிறுவப்பட்டு ஜாலஹள்ளியில் வளர்ந்த அந்நிறுவனம் 1961-இல் ஏற்பி வால்வுகளையும் 1962-இல் ஜெர்மானியம் குறைகடத்திகளையும் தயாரிக்கத் தொடங்கியது. வால்வும் அதற்கு முடிவுகட்ட வந்த பொருளும் ஓராண்டு இடைவெளியில் ஒரே நிறுவனத்திலிருந்து வெளிவந்தன. ஆகவே அந்தத் தகரத்துண்டு வைக்கப்பட்டது 1961-க்குப் பிறகே. ஓலைச்சுவடியின் ஓரத்தில் பிற்காலத்தவர் எழுதிய குறிப்பைப் போல, அது காலத்தைச் சொல்கிறது. இறக்குமதி வால்வு கிட்டாத நிலையைச் சொல்கிறது. அரத்தால் விளிம்பைத் தேய்த்தவரின் பொறுமையையும் சொல்கிறது.

இங்கேதான் என் கவலை. பழங்கருவி சேகரிப்போரிடையே இன்று ‘அசல் நிலைக்கு மீட்டல்’ பெருமதிப்புப் பெற்றுள்ளது. இந்தப் பெட்டியையும் ஒருவர் விலை பேசியிருக்கிறார்; தகரத்துண்டை அகற்றி, அமெரிக்காவிலிருந்து அசல் வால்வும் டைனமோட்டரும் தருவித்துப் பொருத்துவது அவர் எண்ணம். அவர் செய்வது தவறென்று சொல்ல மாட்டேன். அவருடைய கைத்திறனும் மெய்யானது. ஆனால் அதன் முடிவில் கிடைப்பது தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் பெட்டி. அத்தகையவை வேறு நாடுகளில் இன்னும் பல உள்ளன. பெங்களூரில் வாழ்ந்த பெட்டி இந்த ஒன்றே. கசியும் கெபாசிட்டரை மாற்றத்தான் வேண்டும், இல்லையேல் தீப்பிடிக்கும். ஆயினும் கழற்றியதை எறியாமல் உறையிலிட்டு, எங்கிருந்தது என்று எழுதி வைப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “அந்தத் தகரம் பால்பவுடர் டப்பா, தம்பி. என் வீட்டுக்காரம்மா ரொம்ப நாள் திட்டினாங்க” என்றார். தகரத்தின் உட்புறத்தில் பச்சை மை அச்சு இன்னும் மங்கலாகத் தெரிகிறது. விலை இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் பெட்டியின் அடிப்புறத்தை முழுமையாகப் படமெடுக்க அனுமதி பெற்றிருக்கிறேன்; வரும் ஞாயிறு மீண்டும் செல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படியொரு பெட்டி இருந்தால், மெக்கானிக்கை அழைக்கும் முன் அதன் அடிப்புறத்தை ஒரு படமெடுத்து வையுங்கள்.